ஏழாவது கேள்வி

பிக்கரிங், கனடா
7 ஒக்ரோபர் 1996

அன்புள்ள கிளடிஸ் அக்கா,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, குளிர்பெட்டிக் கதவில் லேயா காந்தம் வைத்து ஒட்டியிருந்த படிவத்தை எடுத்து, குசினி லாச்சியில் கரண்டிகளுக்குக் கீழே வைத்ததுதான். பள்ளிக்கு ஓடிய அவசரத்தில் அவள் கவனிக்கவில்லை. பின்னேரம் வந்ததும் கட்டாயம் கேட்பாள்.

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கொழும்புக்கு வந்த, இக்னேசியஸ் அண்ணையின் சிநேகிதர் ஒருவரிடம் மாத்திரை கொடுத்துவிட்டேன். கிடைத்ததா என்று எழுதுங்கள்.

படிவம் என்னவென்று சொல்லவேண்டும். ஜோயலின் ஆட்களுடைய சட்டத்தில் பிள்ளை தாய் வழியாகத்தான் யூதப்பிள்ளை. தகப்பன் யூதனாக இருப்பது போதாது. தாய் நான், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கச்சி. ஆகவே நாலு வருடமாக எபிரேயம் படித்தும் லேயா அவர்களுடைய கணக்கில் இன்னும் வெளியாள். வருகிற ஜூனில் அவளுக்குப் பதின்மூன்று. அன்று ஆலயத்தில் எல்லோருக்கும் முன்னால் அவர்களுடைய வேதமான தோராவிலிருந்து வாசிக்கவேண்டும் என்று அவளாகவே கேட்டிருக்கிறாள். அதற்கு முன் அவர்களுடைய குருவான ராபியும் வேறு இருவரும் அவளைக் கேள்வி கேட்பார்கள். பிறகு மிக்வே என்ற தொட்டியில் அவள் முழுகி எழவேண்டும். அதற்கான படிவம்தான் இது. ஒன்பது கேள்விகள். கையெழுத்துப் போடவேண்டியது தாய்.

ஏழாவது கேள்வி: "இந்தப் பிள்ளைக்கு எப்போதாவது ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதா?"

கலியாணத்துக்கு முன் ஜோயலும் நானும் ஒப்புக்கொண்டது உங்களுக்குத் தெரியும். பிள்ளை தானாகக் கேட்கும்வரை பங்குச் சுவாமியும் வேண்டாம், ராபியும் வேண்டாம் என்று. அந்த வாக்கைக் காப்பாற்றினோம் என்று ஜோயல் இன்றைக்கும் ஆட்களிடம் பெருமையாகச் சொல்வார்.

அக்கா, 1984இல் பிள்ளைப்பேறு பார்க்க நீங்கள் வந்து நின்றபோது, மூன்று கிழமைக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிய அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா? ஜோயல் கார் எடுக்கக் கீழே போயிருந்தார். நான் அறைக்குள் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் குழந்தையோடு குசினியில் நின்றீர்கள். அப்போது ஏதாவது நடந்ததா? சும்மா கேட்கிறேன். படிவத்தில் பிழை வரக்கூடாது, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
மக்டலீன்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
3 நவம்பர் 1996

என் அன்புத் தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. மாத்திரையும் வந்தது. ஒரு மாடிப்படியை முன்பு நாலு மூச்சில் ஏறினேன், இப்போது இரண்டு. வீட்டுக்காரி நல்ல மனுசி. பொலிசில் பதிந்த துண்டுச்சீட்டை மட்டும் எந்நேரமும் சட்டைக்குள் வைத்திருக்கச் சொல்கிறாள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து ஒரு வருடமாகிவிட்டது. இங்கே நாலு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியத் தொழில் என்னை விடுகிறதாயில்லை.

லேயாவின் காய்ச்சல் நல்ல ஞாபகம். நூற்றிமூன்று பாகை. நீ போட்டிருந்தது பச்சைச் சட்டை. அன்று பின்னேரம் உனக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன், நீ தொடவில்லை. மற்றது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. வயது போகிறதல்லவா.

பிள்ளையின் கழுத்தளவை ஒரு நூலில் எடுத்து அனுப்பு. அவளுக்கு ஒரு சங்கிலி செய்விக்க எண்ணம். குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளிக்கிடு.

உன் அக்கா
கிளடிஸ்


பிக்கரிங்
1 டிசம்பர் 1996

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். நூல் இத்துடன் இருக்கிறது. சங்கிலி என்றால் வெறும் சங்கிலியாக இருக்கட்டும். அதில் ஒன்றும் தொங்கவேண்டாம்.

போன ஞாயிறு வோபர்ன் கோவிலில் எங்கள் இக்னேசியஸ் அண்ணையின் மகள் ஸ்டெபனிக்கு உறுதிப்பூசுதல். லேயாவும் வந்தாள், ஸ்டெபனிதான் அவளுடைய உயிர்ச் சிநேகிதி. பூசையில் நன்மை எடுக்க எல்லோரும் எழுந்து சுவாமியிடம் வரிசையாகப் போனபோது லேயா வாங்கிலேயே இருந்தாள்.

"உவள் ஏன் எழும்பேல்லை?" என்று அண்ணை என் காதுக்குள் கேட்டார்.

"அவள் நன்மை எடுக்கிறேல்லை, அண்ணை. உங்களுக்குத் தெரியும்தானே."

"ஒரு பக்கம் எங்கட ரத்தம்தானே. போய் நிக்கச் சொல்லு. ஆர் பார்க்கப் போறாங்கள்?"

லேயாவுக்குத் தமிழ் நன்றாக விளங்கும். திரும்பிப் பார்த்து, "God பார்ப்பார், அங்கிள்," என்றாள்.

மத்தியானம் வீட்டில் நண்டுக் கறி. அவள் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். "யூத ஆக்கள் நண்டு சாப்பிடக் கூடாதெல்லோ?" என்று ஸ்டெபனி சீண்டினாள். "தமிழ்ப் பாதிதான் சாப்பிடுது, மற்றப் பாதி பார்த்துக்கொண்டிருக்கு," என்றாள் லேயா. எல்லோரும் சிரித்தோம். திரும்பி வரும்போது காருக்குள் அவள் கேட்டாள்: "அம்மா, ரெண்டு பாதிக்கும் ஒரே வயிறுதானே?" நான் வானொலியைப் போட்டேன்.

அந்தக் கிழமையிலேயே தமிழ்க் கடையில் காசு வாங்குகிறவர், "அக்கா, இது உங்கட பிள்ளையோ, இல்லாட்டி நீங்கள் பார்க்கிற பிள்ளையோ?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து எபிரேய வகுப்பு வாசலில் ஒரு தாய், அதையே ஆங்கிலத்தில், மிக மரியாதையாகக் கேட்டாள். நாளுக்கு எவ்வளவு நேரம் வேலை என்றும் விசாரித்தாள். இரண்டு இடத்திலும் லேயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை பிடிக்கிற வயதைக் கடந்து மூன்று வருடம்.

படிவம் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன். அவள் புதிதாக ஒன்று வாங்கி வந்து அதே இடத்தில் ஒட்டியிருக்கிறாள்.

நூற்றிமூன்று பாகையை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள், அக்கா. இன்னும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மக்டலீன்


கொட்டாஞ்சேனை
12 ஜனவரி 1997

அன்புத் தங்கச்சிக்கு,

நத்தார் நல்லபடியாகப் போனது. பாலன் பிறப்புப் பூசைக்கு நடந்தே போய் வந்தேன். நீ அனுப்பிய கம்பளி மேற்சட்டை இங்கே ஒரு நாளும் போட ஏலாது, ஆனால் மடியில் வைத்திருக்க நன்றாக இருக்கிறது. லேயா கோவிலில் சொன்னதை மூன்று தரம் வாசித்தேன்.

நீ கேட்டதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது.

கிளடிஸ்


பிக்கரிங்
23 பெப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

கண் இப்போது எப்படி? வைத்தியரிடம் காட்டினீர்களா? நீங்கள் கடைசியாக எழுதி ஆறு கிழமை. தபாற்பெட்டியை ஒரு நாளில் இரண்டு தரம் திறக்கிறேன். தபால்காரர் ஒரு தரம்தான் வருகிறார்.

இங்கே நேற்று வகுப்பில் ஒரு பெண்பிள்ளை லேயாவிடம், "உன்ர அம்மா எங்கட ஆள் இல்லை. அப்ப நீயும் சும்மா படிக்கிறாய், அவ்வளவுதான்," என்றிருக்கிறாள். லேயா அழவில்லை. வந்து படிவத்தின் மேல் மஞ்சள் மையால் ஏப்ரல் 25 என்று பெரிதாக எழுதினாள். அதுதான் கடைசித் திகதி.

ஜோயலின் தகப்பனை அவள் செய்டா என்று கூப்பிடுவாள். எண்பத்தொரு வயது. போருக்குப் பிறகு போலந்திலிருந்து தனியே வந்தவர். அவர் என்னை ஒரு நாளும் குறையாகப் பார்த்ததில்லை. ஆனால் இந்த விடயத்தில் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "மாக்டா, எல்லாவற்றையும் சரியாக எழுது. நாளைக்கு ஒருவன் வந்து, இவள் உண்மையில் எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்ல ஊசித்துவாரமும் இருக்கக் கூடாது. அந்த வசனத்தை நான் இருக்கும்வரை அவள் கேட்கக் கூடாது."

ஆலய அலுவலகத்தில் வேறு யாருக்காகவோ கேட்பதுபோல் விசாரித்தேன். முன்பு ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அதை மறைக்காமல் சொல்லவேண்டுமாம், ராபி பிள்ளையோடு அதைப்பற்றிப் பேசுவாராம். மறைத்து, பிறகு தெரியவந்தால் எல்லாமே செல்லாமல் போகலாமாம். அங்கிருந்த பெண்மணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ தெரியவில்லை. இப்போது எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பதாகவே படுகிறது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினீர்களா? ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் எழுதினால் போதும்.

மக்டலீன்


கொட்டாஞ்சேனை
உயிர்த்த ஞாயிறு, 30 மார்ச் 1997

என் அன்புத் தங்கச்சி,

ஓம்.

முந்தநாள் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாம் என்று முழங்காலில் நின்றேன். எனக்கு இது பாவமாகத் தெரியவில்லை என்பதால் சொல்ல முடியவில்லை. உன்னிடம் மறைத்ததுதான் பாவம். அதை உனக்கே சொல்கிறேன்.

குழந்தை என் கையில் நெருப்பாகக் கிடந்தது. கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமாட்டாள் என்று நினைத்தேன். உயிர் போகிற நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நான் முப்பது வருடம் ஞானோபதேச வகுப்பில் படிப்பித்தவள். கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பேணியில் தண்ணீர் இருந்தது. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே என்று மூன்று முறை ஊற்றினேன். அவ்வளவுதான். குழந்தை பிழைத்துவிட்டாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அந்தச் செப்ரெம்பரில் ஊருக்குத் திரும்பியதும் எங்கள் பங்குச் சுவாமி அமிர்தநாதரிடம் போய்ச் சொன்னேன். அவசர ஞானஸ்நானம் செல்லும், பதியத்தான் வேண்டும் என்று கோவில் புத்தகத்தில் எழுதினார். பெயர் மரிய லேயா. ஞானத்தாய் கிளடிஸ். நான் ஒவ்வொரு வருடமும் ஜூலையில் அவளுக்குக் காசு அனுப்பியது பிந்திப்போன பிறந்தநாளுக்கு என்று நீ நினைத்திருப்பாய்.

இனி நான் சொல்வதைக் கேள். சுவாமி காலமாகிவிட்டார். நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டு ஓடியபோது அந்தப் புத்தகமும் எங்கேயோ போய்விட்டது. விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த விடயம். உனக்கு ஒன்றும் தெரியாது, நீ அறைக்குள் நின்றாய். ஆகவே நீ "இல்லை" என்று எழுதினால் அது பொய் ஆகாது. குற்றம் முழுவதும் என்னுடையது. எழுதிவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

கிளடிஸ்


பிக்கரிங்
27 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை படிவத்தைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே எழுதினேன்.

போன திங்கள் பாஸ்கா விருந்து செய்டா வீட்டில். கோழிச் சூப் நான் வைத்தேன், மிளகு கொஞ்சம் கூடிவிட்டது. ஒரு கரண்டி குடித்துவிட்டு அவர், "மோசே கையில் இந்தச் சூப் இருந்திருந்தால் நாற்பது வருடம் அலைந்திருக்க மாட்டோம். தண்ணீர் தேடி ஒரே ஓட்டமாக ஊருக்குப் போயிருப்போம்," என்றார். இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கினார். விருந்தில் இளையவர் கேட்கவேண்டிய கேள்விகளை லேயா எபிரேயத்தில் பாடினாள். எல்லோரும் மேசையில் தட்டினார்கள். நான் எழுந்து போய்க் குசினியில் ஏற்கெனவே கழுவிய தட்டுகளைத் திரும்பவும் கழுவினேன்.

லேயா உங்களுக்கு ஒரு கடிதம் சொல்கிறாள். என்னை எழுதச் சொல்கிறாள். இந்த உறைக்குள்ளேயே வைக்கிறேன்.

மக்டலீன்


அன்புள்ள பெரியம்மா,

எப்படிச் சுகம்? நான் சுகம். எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது, அதனால் நான் சொல்கிறேன், அம்மா எழுதுகிறா. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

சங்கிலி வந்தது, வடிவாக இருக்கிறது. ஆனால் ஜூன் 3ஆம் திகதி கழற்றவேண்டும். அன்றைக்குத்தான் நான் தண்ணீருக்குள் இறங்குவேன். தோலுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒன்றும் இருக்கக் கூடாது. தோடு கூடாது, நகப்பூச்சுக் கூடாது, பிளாஸ்ரர்கூடக் கூடாது. இருந்தால் முழுகினது கணக்கில் வராது. எனக்கு முழங்காலில் ஒரு காயம் இருக்கிறது, அதற்குள் ஆறிவிடும்.

முதலில் மூன்று பேர் கேள்வி கேட்பார்கள். நானும் அம்மாவும் பழகிப் பார்க்கிறோம். அம்மாதான் ராபி. "நீ வேறு சமயத்தில் எப்போதாவது இருந்திருக்கிறாயா?" என்று கேட்டால், "இல்லை, எனக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை, நான் கேட்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்," என்று சொல்வேன். எல்லாப் பதிலிலும் எனக்கு அதுதான் நல்ல விருப்பம். ஸ்டெபனி குழந்தையாக இருக்கும்போதே அவளை யாரும் கேட்காமல் கோவிலில் சேர்த்துவிட்டார்கள். என்னை மட்டும் கேட்டார்கள். அதைச் சொன்னால் ஸ்டெபனிக்கு எரிச்சல்.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லவேண்டாம். (அம்மா, இதையும் எழுதுங்கோ.)

அன்புடன்
லேயா


கொட்டாஞ்சேனை
15 மே 1997

என் அன்புத் தங்கச்சி,

பிள்ளையின் கடிதத்தைப் படித்தேன். அவளுக்கு என் ஆசீரைச் சொல். காயத்தில் தேங்காய் எண்ணெய் பூசச் சொல், கெதியாய் ஆறும்.

உன் கையெழுத்தையும் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே நீ பேனையை அழுத்தாமல் எழுதுகிறவள். "எனக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை" என்ற இடத்தில் தாள் மறுபக்கம் புடைத்திருக்கிறது.

நான் உன்னை ஒன்று கேட்கவேண்டும். பதின்மூன்று வருடமாகக் கேட்காமல் வைத்திருந்தேன். அன்று அந்தப் பேணியில் இருந்த தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் குழந்தைக்கு நடுக்கம் வரும் என்று நான் பயந்துகொண்டே விரலை வைத்துப் பார்த்தேன், அது ஏற்கெனவே பதமாக இருந்தது. நான் சூடாக்கவில்லை. ஜோயல் கீழே நின்றார்.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

கிளடிஸ்


பிக்கரிங்
1 ஜூன் 1997, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

உங்கள் கண்ணும் முழங்காலும் சுகமாக இருக்கவேண்டும். உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. நாலு நாள் அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கும் வீட்டுக்கும் போய் வந்தேன்.

தண்ணீரைச் சூடாக்கியது நான்தான்.

குழந்தை கண் திறக்கவில்லை என்று கண்டதும் கேத்தலைப் போட்டேன். பேணியில் ஊற்றி, குழாய்த் தண்ணீர் கலந்து, முழங்கையில் ஒரு துளி விட்டுப் பார்த்தேன். அதைத் தொட்டிக்குப் பக்கத்தில், உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். பிறகு ஜோயலைக் காரை எடுத்துவரச் சொல்லி அனுப்பினேன். குழந்தையை உங்கள் கையில் தந்துவிட்டு உடுப்பு மாற்றப் போகிறேன் என்றேன். போகவில்லை. நடைக்குள் நின்று, நீங்கள் மூன்று முறை ஊற்றி முடிக்கும்வரை எண்ணிக்கொண்டு நின்றேன். நானே ஊற்றினால் வாக்கு முறிந்துவிடும். நீங்கள் ஊற்றினால் முறியாது என்று நினைத்தேன். ஒரு சொல்லும் பேசாமல் உங்களைக் கொண்டு செய்வித்தேன், அக்கா. அது நடந்ததா என்று ஒக்ரோபரில் உங்களிடமே கேட்டேன். நீங்கள் இல்லை என்று எழுதினால், நான் கண்டதைக் காணாததாக்கலாம் என்று நம்பினேன். நீங்கள் ஓம் என்றீர்கள். அப்போதும் குற்றத்தை உங்களிடம் விட்டுவிட்டு "இல்லை" என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு அவள் அந்த மூன்று பேருக்கும் முன்னால் போகவேண்டும். தனக்கு நல்ல விருப்பமான பதிலைச் சொல்வாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியாது. அறைக்கு வெளியே நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதை எழுதும்போது அவள் மாடியில் நகப்பூச்சு எடுக்கிறாள். மணம் இங்கேவரை வருகிறது. கொஞ்சம் முன்பு இறங்கி வந்து பத்து விரலையும் என் முகத்துக்கு நேரே விரித்து, "அம்மா, வடிவாய்ப் பாருங்கோ, எங்கையாவது மிச்சம் இருக்கோ?" என்று கேட்டாள். இடது சுண்டுவிரலின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. நான் கண்டேன். "இல்லை," என்று என் வாய் தானாகச் சொன்னது. அவள் நம்பிக்கொண்டு படி ஏறினாள். பிறகு நான் பின்னால் போய், பஞ்சை அந்த மருந்தில் நனைத்து, அந்தக் கோட்டை என் கையாலேயே துடைத்துவிட்டு வந்தேன்.

ஆகவே ஒன்று தீர்மானித்திருக்கிறேன். ஜோயலுக்குச் சொல்லவில்லை. செய்டாவுக்கும் இல்லை. இது உங்கள் கைக்கு வரும்போது நடந்து முடிந்திருக்கும், அதனால் உங்களுக்குக்கூட நான் இன்னும் சொல்லாத மாதிரித்தான்.

நாளை காலை ஜோயல் ரயிலுக்குப் போனபின், லேயாவைப் பள்ளிக்கு அனுப்பமாட்டேன். நீங்கள் விட்டுவிட்டுப் போன பேணி அலுமாரியின் மேல்தட்டில், பின்பக்கம் இருக்கிறது. அதை எடுத்துக் குசினி மேசையில் அவளுக்கு முன்னால் வைப்பேன். உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. முழுவதையும் கூட்டாமல் குறைக்காமல் அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். "உனக்கு ஒன்றும் தெரியாது, நீ அறைக்குள் நின்றாய்" என்ற இடம் வரும்போது நிறுத்தி, நான் எங்கே நின்றேன் என்று சொல்வேன்.

மக்டலீன்